‘நிரந்தரம்’னு எழுதிக் கொடுத்த உரிமத்தை ரத்து செய்ய முடியுமா? ‘டி அண்ட் டி’ சண்டை சொல்வது என்ன?

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். நான்கு பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, அரக்கனோடு சண்டை போடுவார்கள். 1974-ல் அமெரிக்காவில் வெளியான அந்த விளையாட்டின் பெயர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, சுருக்கமாக ‘டி அண்ட் டி’. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறுவார்கள். தேவை ஒரு விதிப்புத்தகம், கொஞ்சம் பகடை, நிறைய கற்பனை. அவ்வளவுதான்.

இந்த ஜாலியான விளையாட்டு 2023 ஜனவரியில் வக்கீல் நோட்டீஸ் ரேஞ்சுக்குப் போனது ஏன்?

கதை 2000-ல் தொடங்குகிறது. அப்போது ‘டி அண்ட் டி’ ஹாஸ்ப்ரோ குழுமத்தின் ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ நிறுவனத்தின் கையில் இருந்தது. அங்கே இருந்த ரயன் டான்சி, ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டார். விதிகளின் அடிப்படைப் பகுதியை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து, தங்கள் சொந்தப் புத்தகங்களில் பயன்படுத்தட்டும். சின்ன நிறுவனங்கள் புதுப்புதுக் கதைகள் எழுதினால் விளையாடுபவர்கள் பெருகுவார்கள், மூலப் புத்தகம் இன்னும் விற்கும். இதற்காக வந்ததுதான் ‘ஓப்பன் கேம் லைசன்ஸ்’, அதாவது ஓஜிஎல்.

கணக்கு பலித்தது. அதை நம்பிப் பலர் கடை திறந்தார்கள். 2008-ல் விசார்ட்ஸ் நான்காம் பதிப்புக்குக் கெடுபிடியான வேறொரு உரிமத்தைக் கொண்டுவந்தபோது, பைசோ என்ற நிறுவனம் பழைய ஓஜிஎல் விதிகளை வைத்தே ‘பாத்ஃபைண்டர்’ விளையாட்டை உருவாக்கியது. கடைசியில் அதுவே போட்டியாளராக வளர்ந்து நின்றது. விசார்ட்ஸுக்கு இது உறுத்தியிருக்காதா என்ன?

2023 ஜனவரி முதல் வாரத்தில் புதிய உரிமத்தின் வரைவு ஊடகத்தில் கசிந்தது. ஆண்டு வருமானம் 7.5 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை ராயல்டி. கவனிக்க, லாபத்தில் இல்லை, வருமானத்தில். 10 லட்சம் டாலருக்கு விற்ற பதிப்பகம் 62,500 டாலர் வரை எடுத்து வைக்க வேண்டும். அச்சுக்கூலி, ஓவியர் சம்பளம், கப்பல் செலவு எல்லாம் போக அந்தப் பணம் கையில் மிஞ்சுமா என்பதே சந்தேகம். அதோடு, மற்றவர்கள் எழுதியதை விசார்ட்ஸ் காசு கொடுக்காமலே பயன்படுத்திக்கொள்ளும் உரிமையும் அதில் இருந்தது.

ஆனால் பெரிய குண்டு இதுவல்ல. 2000-ல் வந்த பழைய உரிமம் ‘இனி அங்கீகரிக்கப்பட்டது அல்ல’ என்ற வரிதான்.

பழைய உரிமத்தில் ‘நிரந்தரமானது’ என்று தெளிவாக இருக்கிறது. ‘திரும்பப் பெற முடியாதது’ என்ற சொல் இல்லை. கூடவே, உரிமத்தின் ‘அங்கீகரிக்கப்பட்ட’ எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம் என்று ஒரு வாசகம். அப்படியானால் அங்கீகாரத்தை எடுத்துவிட்டால்? இந்த ஓட்டை வழியாகத்தான் நுழையப் பார்த்தார்கள். உரிமத்தை உருவாக்கிய டான்சியே, நோக்கம் அதுவல்ல என்று வெளிப்படையாக மறுத்தார்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்கச் சட்டப்படி விளையாட்டு விதிகளுக்குக் காப்புரிமை கிடையாது. விதியை விளக்கும் எழுத்துக்கும் படத்துக்கும்தான் உண்டு. அப்புறம் ஏன் பயம்? விதி எங்கே முடிகிறது, எழுத்து எங்கே தொடங்குகிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க ஆகும் செலவே நாலு பேர் வேலை செய்யும் பதிப்பகத்தை மூடிவிடும். ஓஜிஎல் உண்மையில் கொடுத்தது வழக்கு வராது என்ற நிம்மதியை.

வெறுப்பைப் பரப்பும் படைப்புகளையும் என்எஃப்டி வியாபாரத்தையும் தடுக்கவே மாற்றம் என்று விசார்ட்ஸ் விளக்கம் சொன்னது. அந்தக் கவலை நியாயமானதுதான். அதற்கு ராயல்டி எதற்கு என்ற கேள்விக்குத்தான் ஒழுங்கான பதில் வரவில்லை.

ரசிகர்கள் ‘டி அண்ட் டி பியாண்ட்’ சந்தாவை கேன்சல் செய்யத் தொடங்கினார்கள். பைசோவும் வேறு சில பதிப்பகங்களும் சேர்ந்து, எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத ‘ஆர்க்’ என்ற பொது உரிமத்தை அறிவித்தன. விசார்ட்ஸ் திருத்திய வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 15,000-க்கும் அதிகமானோர் பதில் அனுப்பினார்கள். அதில் 88 சதவீதம் பேர் புதிய உரிமத்தின் கீழ் எதையும் வெளியிட விரும்பவில்லை. ஜனவரி 27-ல் நிறுவனம் முழுசாக இறங்கி வந்தது. பழைய உரிமம் அப்படியே இருக்கும், ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸிலும் வெளியாகும் என்றது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ‘திரும்பப் பெற முடியாதது’ என்ற சொல் அச்சிலேயே இருக்கிறது.

இருந்தும், விட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. பைசோ தன் ‘பாத்ஃபைண்டர்’ விதிப்புத்தகங்களைத் திருத்தி எழுதி ‘ஆர்க்’ உரிமத்துக்கு மாற்றியது. கோபோல்ட் பிரஸ் தனக்கென்று ‘டேல்ஸ் ஆஃப் தி வேலியன்ட்’ என்ற விளையாட்டை உருவாக்கிக்கொண்டது.

2000-ல் எழுதிய ஓஜிஎல்லில் இன்றுவரை ஒரு எழுத்துகூட மாறவில்லை. அந்த விடுபட்ட சொல்லும் சேர்க்கப்படவில்லை.