கோளாறு கண்ணாடியில் இருந்தது



நான் பதிவு போட்டு மூன்று மாதம் ஆகிறது. "டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். எனக்கு ஒன்றுமில்லை, வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லாமல் இருந்தது. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

போன நவம்பரில் கோத்தகிரியில் ஒரு கிரகப்பிரவேசம். போய்விட்டுச் சாயங்காலம் குன்னூர் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியை ஓட்டியது நான். பக்கத்தில் எங்க வீட்டுக்காரர், பின்னால் நாத்தனாரும் அவர் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும். வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம் எப்படிக் கொட்டும் என்று இங்கே படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மழை, மழைக்குள் மூடுபனி, பனிக்குள் இருட்டு. ஐந்து பேர் மூச்சும் உள்ளேயே இருக்க, முன்கண்ணாடி பால் ஊற்றின மாதிரி வெளுத்துப் போனது. ஹீட்டரைத் திருகினேன், ஐஸ் பெட்டியைத் திறந்தது போலக் குளிர்காற்றுதான் வந்தது. நாத்தனார் முந்தானையை என்னிடம் நீட்டினார், அதால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். அப்போது எதிரே வந்த லாரி ஒன்று, ரோட்டுக் குழியிலிருந்த செம்மண் தண்ணீரை அப்படியே கண்ணாடி மேல் வாரி அடித்துவிட்டுப் போனது. வாஷர் பொத்தானை அழுத்தினேன். உர்ரென்று சத்தம் வந்தது, தண்ணீர் வரவில்லை. வைப்பர் அந்தச் சேற்றை அரைவட்டமாகப் பூசி மெழுகியது.

பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தியபோது பம்பருக்கு இரண்டு கை தூரத்தில் ஓர் அம்மா நின்றிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை முடிந்து, தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓரமாக நடந்து வந்தவர். "ஏம்மா, ஆளு வர்றது கண்ணுக்குத் தெரியலயா?" என்றார். தெரியவில்லை. அதுதான் உண்மை. மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை.

விஷயம் நாத்தனார் வழியாகச் சென்னைக்குப் போனது. மறுநாள் காலை பையன் போன். "அம்மா, அறுபத்துநாலு வயசாச்சு. கண்ணும் முன்ன மாதிரி இல்ல. போதும், வண்டியை வித்துடுங்க. எங்கயாவது போகணும்னா டாக்ஸி வச்சுக்கலாம்." அன்பில்தான் சொன்னான். ஆனால் அவன் பேசி முடிப்பதற்குள் தீர்ப்பும் எழுதி முடித்திருந்தான். டேய் கண்ணா, நீ இதைப் படிப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

முதலில் கண் டாக்டரிடம் போனேன். அவன் சொன்னது சரியாகவும் இருக்கலாம் அல்லவா? சோதித்துவிட்டு, "கண்ணாடி பவர் கொஞ்சம் மாத்தணும், புரை ஆரம்பம்தான், வண்டி ஓட்டலாம்" என்றார் டாக்டர். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். அப்படியென்றால் மிச்சமிருப்பது காரின் கண்ணாடி.

இதில் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் பழையதாக வாங்கி நான்கு வருஷம் ஆகிறது. பதினைந்து வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பித்த வண்டி, ஏ.சி. கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே ஹீட்டர் சூடானதில்லை. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டேன். வாஷருக்குப் பதில் ஒரு பாட்டிலில் தண்ணீர் வைத்திருந்தேன். நடுவில் சீட் கவர் மாற்றினேன், பாட்டுப் பெட்டி மாற்றினேன், பாலிஷ் போட்டேன். பார்ப்பதற்கு அழகாக இருக்கிற எல்லாவற்றுக்கும் காசு செலவழித்தேன், எதிரே பார்ப்பதற்கு ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பிசிக்ஸ் நடத்தியவள் செய்த காரியம் இது.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "ஹீட்டர் கோர் போயிருக்கும், டேஷ்போர்டு முழுசும் இறக்கணும், பதினெட்டாயிரம் ஆகும். இந்த வண்டிக்குப் போய் எதுக்கும்மா?" என்றார்கள். இதிலேதான் எனக்குக் கோபம். டாக்டர் நாடி பார்க்காமல் ஆபரேஷன் சொன்னால் விட்டுவிடுவோமா?

பிறகு நம் பள்ளியில் படித்த ஒருவனிடம் போனேன். வெலிங்டன் பக்கம் சின்னதாக ஷெட் வைத்திருக்கிறான். பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டான், அதனால் போடவில்லை. அவன் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துவிட்டு, "டீச்சர், இங்க வந்து பாருங்க" என்றான். இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே இருக்கிற தகட்டுச் சுவரில் இரண்டு குழாய் முனைகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போய்த் திரும்பி வரவேண்டிய முனைகள் அவை. அங்கே வரவேண்டிய ஹோஸ்களைக் கழற்றிவிட்டு, இன்ஜினிலிருந்து இன்ஜினுக்கே ஒரு துண்டு ரப்பர் ஹோஸை வளைத்து மாட்டியிருந்தார்கள்.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். கார் ஹீட்டர் என்பது தனி அடுப்பு அல்ல. இன்ஜின் சூட்டை எடுத்துக்கொண்டு ஓடுகிற கூலண்டில் ஒரு பங்கு, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற புத்தக அளவு குட்டி ரேடியேட்டர் வழியாக ஓடுகிறது. அதுதான் ஹீட்டர் கோர். ப்ளோயர் விசிறி அதன் மேல் காற்றை ஊதுகிறது. வீணாகப் போகிற சூடு நமக்கு வருகிறது, அவ்வளவே. என் வண்டியில் அந்தச் சூட்டைக் கொண்டுவருகிற ஹீட்டர் வால்வு எப்போதோ ஒழுகியிருக்கிறது. சமவெளியில் ஹீட்டர் யாருக்கு வேண்டும்? யாரோ ஒரு மெக்கானிக் ஐந்து நிமிஷத்தில் பைபாஸ் போட்டு அனுப்பிவிட்டார். கோயம்புத்தூர் வெயிலில் அது பெரிய குற்றமில்லை. ஆனால் விற்கும்போது யாரும் சொல்லவில்லை, வாங்கும்போது நானும் கேட்கவில்லை.

அதோடு முடியவில்லை. தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய மூடியைக் கழற்றினால் உள்ளே காலி! நம் ஊரில் இது ஒரு வியாதி. "தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டா வண்டி சூடே ஆகாதும்மா" என்று பெருமையாகச் சொல்லுவார்கள். நானும் வெப்பமானி முள் அடியிலேயே கிடக்கிறதைப் பார்த்து, என் வண்டி எவ்வளவு சமர்த்து என்று நினைத்திருந்தேன். இன்ஜின் சூடாகத்தான் வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் கூலண்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் அடைத்து வைத்து, ஏறக்குறைய 80 டிகிரி தாண்டியதும் மெதுவாகத் திறந்துவிடுவதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. உள்ளே ஒரு மெழுகுக் குப்பி, சூட்டில் மெழுகு விரிந்து வால்வைத் தள்ளுகிறது. திடப்பொருள் திரவமாகும்போது கன அளவு கூடுவது, பள்ளிக்கூடப் பாடம். அதைப் பிடுங்கிப் போட்டால் இன்ஜின் குளிரிலேயே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். ஹோஸை மட்டும் மாட்டியிருந்தாலும் ஊட்டிக் குளிரில் எனக்கு வெதுவெதுப்புக்கு மேல் கிடைத்திருக்காது.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்குகிற மெக்கானிக்கிடம் நான் இனி வண்டியைக் கொடுக்க மாட்டேன். நீங்களும் கொடுக்காதீர்கள்.

ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தண்ணீரில் இருக்கிற உப்பும், அது உண்டாக்குகிற துருவும் முதலில் அடைப்பது இந்த ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களைத்தான். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் டப்பாவில் போட்டிருக்கிற கணக்குப்படி கலந்து ஊற்றுங்கள், பெரும்பாலும் பாதிக்குப் பாதி இருக்கும். மலையில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான் உள்ளே கொதிக்காமல் இருக்கிறது. அதனால்தான் சூடான வண்டியில் அந்த மூடியைத் தொடாதே என்பது, அழுத்தம் விட்ட அடுத்த நொடி அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். கூலண்ட் தித்திப்பான விஷம். சிந்தினால் கழுவிவிடுங்கள், நாய் நக்கும்.

என் வண்டியில் கோர் நன்றாகவே இருந்தது. குறைந்த வேகத்தில் தண்ணீர் விட்டு, வழக்கமாகப் போகிற திசைக்கு எதிர்த்திசையில் கழுவினான், காப்பிக் கஷாயம் மாதிரி வந்தது. புது வால்வு, இரண்டு ஹோஸ், தெர்மோஸ்டாட், கேஸ்கட், கூலண்ட். ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டுக் குமிழி நிற்கும் வரை காற்றை வெளியேற்றினான். இதைச் செய்யாவிட்டால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு, எல்லாம் புதிதாக இருந்தும் ஹீட்டர் சூடாகாது. ப்ளோயரும் கடைசி வேகத்தில் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. "இது ஏன்னு சொல்லுங்க டீச்சர்" என்று என்னையே கேட்டான் பாருங்கள்! ஒரு நிமிஷம் யோசித்துச் சொன்னேன். மற்ற வேகங்களுக்கு மின்சாரம் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது, கடைசி வேகத்துக்கு நேராகப் போகிறது. ரெசிஸ்டர் எரிந்திருந்தது. நூறில் நூறு போட்டான்.

உங்கள் வண்டியில் பார்க்க வேண்டுமென்றால், இன்ஜின் நன்றாகச் சூடானதும் நிறுத்திவிட்டு, அந்த இரண்டு ஹோஸையும் துணி வைத்துத் தொட்டுப் பாருங்கள். விசிறி தானாகச் சுற்றலாம், கை ஜாக்கிரதை. இரண்டும் சூடு, காற்று மட்டும் குளிர் என்றால் உள்ளே இருக்கிற மடல் அல்லது அதன் கேபிள். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் வால்வு திறக்கவில்லை, அல்லது கோர் அடைத்திருக்கிறது. இரண்டும் குளிர் என்றால் கூலண்ட் அளவையும் தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள். வண்டிக்குள் தித்திப்பு வாசனை, கண்ணாடியில் பிசுபிசுப்பு, கால்மிதி ஈரம் இருந்தால் மட்டும் கோர் ஒழுகுகிறது என்று சந்தேகப்படுங்கள். அப்போது டேஷ்போர்டை இறக்கட்டும்.

வாஷர் கதை சின்னது. மோட்டார் சத்தம் கேட்டதால் ஃப்யூஸ், வயர் எல்லாம் சரி என்று ஆகிவிட்டது. சத்தமே இல்லையென்றால்தான் அந்தப் பக்கம் தேட வேண்டும். நாஸிலுக்கு அருகில் டியூபைக் கழற்றிவிட்டு அழுத்திப் பார்த்தோம், சொட்டு சொட்டாக வந்தது. பானெட் கீல் பக்கம் டியூப் மடங்குகிற இடத்தில் வெடித்து, தண்ணீரெல்லாம் உள்ளேயே வழிந்துகொண்டிருந்தது. மீன்தொட்டிக் கடையில் காற்றுக்கு விற்கிற டியூப் இரண்டு மீட்டர் வாங்கினோம், கச்சிதமாகப் பொருந்தியது. நாஸில் துளையில் வெள்ளையாக உப்பு. கழற்றி வினிகரில் ஊறப்போட்டு ஊசியால் எடுத்தேன், நானே செய்தேன். தொட்டியின் அடிச்சல்லடையில் வழவழவென்று பாசி. முன்பு யாரோ தலைக்குப் போடுகிற ஷாம்பு பாக்கெட்டை ஊற்றியிருக்கிறார்கள். ஷாம்பு வேண்டாம், கூலண்ட் வேண்டவே வேண்டாம். வாஷருக்கென்றே விற்கிற திரவத்தை வாங்குங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் வெறும் தண்ணீர் அந்த மெல்லிய குழாயிலேயே உறைந்து நிற்கும்.

எல்லாம் சேர்த்து, கூலியோடு, ஐயாயிரத்துக்குள் முடிந்தது. லிட்டருக்கு 11 கிலோமீட்டர் ஓடின வண்டி இப்போது 13 ஓடுகிறது.

வைப்பருக்கு 1903-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது மேரி ஆண்டர்சன் என்ற ஒரு பெண்மணி. பனி கலந்த மழையில் டிராம் ஓட்டுநர் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு அவதிப்பட்டதைப் பார்த்து அவருக்குத் தோன்றியதாம். அந்த ஓட்டுநரிடம் யாரும் "வயசாச்சு, வீட்டில் இரு" என்று சொன்னதாகத் தெரியவில்லை!

பெற்றோருக்கு வயதாகிறது என்று கவலைப்படுகிற பிள்ளைகளே, கவலை நியாயம்தான். எனக்கும் ஒருநாள் சாவியை மாட்டி வைக்கிற நாள் வரும், அன்றைக்கு நானே மாட்டுவேன். ஆனால் சாவியைக் கேட்பதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்து அந்த வண்டியை ஒரு தடவை நீங்கள் ஓட்டிப் பாருங்கள். மழை நாளில், ராத்திரியில். வைப்பர் ரப்பர் எப்படி இருக்கிறது, ஹீட்டர் ஊதுகிறதா, லைட் எவ்வளவு தூரம் அடிக்கிறது என்று பாருங்கள். அந்த வண்டியில் உங்களுக்கே வழி தெரியாவிட்டால் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? சமவெளியில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது ஹீட்டர் கைப்பிடியை அங்கும் இங்கும் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் கேபிள் இறுகிவிடும். கண்ணாடி வெளுத்தால், உள்காற்றையே சுற்றவிடாமல் வெளிக்காற்றுப் பக்கம் மாற்றி வையுங்கள். ஏ.சி. இருந்தால் ஹீட்டரோடு சேர்த்துப் போடுங்கள், அது காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துவிடும்.

போன ஞாயிறு மறுபடி கோத்தகிரி போய் வந்தோம். தூறலும் பனியும் இருந்தது. எங்க வீட்டுக்காரர் பாதி வழியில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, "ரொம்ப சூடா இருக்கு, கொஞ்சம் குறை" என்றார். நான்கு வருஷத்தில் முதல் தடவை. இடதுபக்க நாஸில் மட்டும் இன்னும் கூரைக்கு மேலே பீய்ச்சியடிக்கிறது, பின்னால் பைக்கில் வந்த பையன் முறைத்துவிட்டுப் போனான். ஊசியை உள்ளே விட்டுக் கொஞ்சம் கீழே திருப்ப வேண்டும், வெயில் வந்ததும் செய்கிறேன்.