எழுத்துவரி எப்போது வேண்டும்?

பதிவுசெய்த பல்கலைக்கழகப் பாடங்களுக்குச் சப்டைட்டில் என வழங்கும் எழுத்துவரியை, செவித்திறன் குறைந்த மாணவர் வந்து கேட்டபின் சேர்த்தால் போதும் என்பார் உளர். இக்கூற்று ஏற்புடையதன்று. கேட்டவர்க்கு அது கிடைப்பதற்குள் பருவம் முடிந்துவிடும். கேட்கத் தயங்கியவர்க்கோ என்றும் கிடைக்காது.

மின்னணு ஊடகத்தில் எழுத்துவரிக்கு வழிசெய்வதை அரசின் கடமையாக்குகிறது, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (பிரிவு 42). பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம், இக்குறையை அமெரிக்க நீதித்துறை 2016இல் சுட்டியபின், 20,000க்கு மேற்பட்ட பதிவுகளை 2017இல் பொதுப்பார்வையிலிருந்து விலக்கியது. காலந்தாழ்த்தியதால் செவியுடையாரும் இழந்தனர்.

மும்பையில் இத்தேவை இன்னும் விரிவுடையது. தாராவியின் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பயின்று, மாதுங்காவிலோ செம்பூரிலோ ஆங்கிலவழிக் கல்லூரியில் சேரும் மாணவர், தையல் எந்திர ஒலிக்கிடையே பாடம் கேட்கிறார். கலைச்சொல்லைக் கண்ணாலும் காண்பது அவர்க்கு இன்றியமையாதது.

தமிழ்த்துறைகளும் இதற்கு விலக்கல்ல. தானியங்கி எழுத்துவரி செய்யுளின் சீரையும் சந்தியையும் சிதைக்கும், ஆசிரியரே திருத்தவேண்டும். பாடக்குறிப்பு கையிலுள்ள பதிவுநாளில் அது எளிது.

ஆகவே, புதிய பதிவு எதுவும் எழுத்துவரியின்றி வெளிவரலாகாது. பழையன, நடப்புப் பாடத்திட்டத்தில் உள்ளவை முதலாக, முறையே நிறைவுசெய்யப்பெறல் வேண்டும். எழுத்துவரி சலுகையன்று, பாடத்தின் உறுப்பு.