புழுவுக்குத் திணைக்கள எல்லை உண்டோ?

மனிதனின் நோயைக் கவனிக்க ஒரு திணைக்களம். விலங்கின் நோயைக் கவனிக்க மற்றொரு திணைக்களம். இஃது அரசு வகுத்த எல்லை. நாயின் குடலிலிருந்து உழவனின் குடலுக்குச் செல்லும் புழு இவ்வெல்லையை மதிப்பதில்லை.

அப்புழுக்களுள் ஒன்று எமது நாட்டின் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1911 ஆம் ஆண்டில், இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து பெறப்பட்ட கொழுக்கிப்புழுவை ஆராய்ந்த ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், அதற்கு 'அன்கைலொஸ்டோமா சைலானிக்கம்' எனப் பெயரிட்டார். நெடுங்காலம் இது விலங்குகளின் புழுவென்றே பெரிதும் கருதப்பட்டது. இன்றோ, தென்கிழக்காசியாவில் மனிதரைப் பீடிக்கும் கொழுக்கிப்புழுக்களுள் இது இரண்டாம் இடத்தில் உள்ளதென ஆய்வுகள் காட்டுகின்றன.

நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாளிற் பொரிக்கின்றன. சில நாட்களில் அக்குஞ்சுகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் வலிமை பெறுகின்றன, வாய்வழியாகவும் செல்கின்றன. ஏனைய நாய்க் கொழுக்கிப்புழுக்கள் பெரும்பாலும் மனிதத் தோலின் கீழ் ஊர்ந்து மடிந்துவிடும். இதுவோ குடலில் முழு வளர்ச்சியடைந்து இரத்தத்தை உறிஞ்சுகின்றது. தோட்டத்தில் இறைப்பவரும், புல்லுப் பிடுங்கும் பெண்ணும், முற்றத்தில் விளையாடும் குழந்தையும் இழப்பது அவ்விரத்தத்தையே.

1916 ஆம் ஆண்டில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் இந்நாட்டிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரே நோயைக் கொணர்ந்தவர் என்ற பழி அக்காலத்தில் எழுந்தது. மருந்து கொடுத்தனர், மலகூடம் வேண்டுமென்றனர். இரண்டும் நன்றே. ஆயினும் மனிதனுக்கு மலகூடம் கட்டலாம். நாய்க்குக் கட்ட இயலுமோ? பாடசாலையிற் பூச்சிக்குளிசை விழுங்கிய பிள்ளை, வீடு திரும்பி அதே முற்றத்திற்றானே கால் வைக்கின்றது!

சட்டம் இல்லாமலில்லை. விசர்நாய்க் கட்டளைச்சட்டம் 1893 ஆம் ஆண்டினது. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச்சட்டம் 1901 ஆம் ஆண்டினது. ஒன்று விசர்நோயை அஞ்சியது. மற்றையது நாயை எண்ணி வரி பெற விரும்பியது. நாயின் வயிற்றிலுள்ளதை நோக்க இரண்டும் எண்ணவில்லை.

எமது கோரிக்கை பெரிதன்று. விசர்நாய்த் தடுப்பூசி ஏற்ற நாய்கள் ஓரிடத்திற்குக் கொணரப்படும் நாளிலேயே அவற்றுக்குப் பூச்சிமருந்தும் கொடுக்கப்படல் வேண்டும். பாடசாலையிற் குளிசை வழங்கும் காலத்தோடு அந்நாளும் இணைதல் வேண்டும். கால்நடை வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஒரே கிராமப் பட்டியலை வைத்துக்கொண்டு பணியாற்றல் வேண்டும். பதிவுக் கட்டணம் இதற்கே செலவாகட்டும்.

கட்டாக்காலி நாய்களை யார் பிடிப்பது என வினவுவோர் உளர். வளர்ப்பு நாய்க்கே மருந்து கிடைக்காத ஊரில், கட்டாக்காலியைக் காட்டித் தப்பித்தல் முறையன்று. எடுத்த எடுப்பில் நாயைக் கொல்லுதலும் பரிகாரமாகாது.

உழவர் பெருமக்களே! தோட்டத்திற் செருப்பணியுங்கள், கீரையை நன்கு கழுவுங்கள், உங்கள் நாய்க்கும் மருந்து கேளுங்கள். கற்றோரே! நீங்கள் அமர்ந்திருக்கும் பிரதேச சபைகளிலும் சங்கங்களிலும் இதனைத் தீர்மானமாக்குங்கள். கேளாத உரிமையை எந்தத் திணைக்களமும் வீடு தேடிவந்து கொடுப்பதில்லை.