முதல் பேதியிலேயே உப்பு சர்க்கரைக் கரைசல்: பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

மருத்துவர்களும் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆசிரியர்களுமாகச் சேர்ந்து இதை எழுதுகிறோம். உலகில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 4.4 லட்சம் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோயைத் தொடங்கி வைப்பது கிருமி. ஆனால் பல குழந்தைகளின் உயிரைப் பறிப்பது, உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுவதுதான். அந்த இழப்பை ஈடுகட்டும் மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உப்பு சர்க்கரைக் கரைசல் என்றும் ஓ.ஆர்.எஸ். என்றும் சொல்கிறோமே, அதுதான். அப்படியிருந்தும் குழந்தை துவண்டு விழும்வரை பல வீடுகளில் அது நினைவுக்கு வருவதில்லை.

இந்தக் கரைசலின் வலிமைக்கு நம் நாடே சாட்சி. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு 4 பேருக்கும் கீழே இறங்கியது. படித்துப் பட்டம் பெற்றவர்கள்தான் இதைக் கொடுக்க முடியும் என்ற எண்ணம் அன்றே தவிடுபொடியானது.

கரைசல் வேலை செய்யும் விதம் இதுதான்: குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் சேர்த்து இழுக்கிறது. உப்பின் பின்னால் நீரும் போகிறது. பேதியாகும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். ஒரு லிட்டர் கரைசலுக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, அவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சர்க்கரை மிஞ்சினால் குடல் நீரை வெளியே இழுத்து பேதி அதிகமாகும். குளிர்பானமும் பழச்சாறும் இதற்கு ஆகாதவை என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் அதுதான். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் இருக்கக்கூடாது என்று உத்தரவிட்டதும் இத்தகைய குழப்பத்தைத் தடுக்கத்தான். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அவ்வளவு கொதித்து ஆறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கரையுங்கள். பாதியைக் கரைத்து மீதியை மடித்து வைக்காதீர்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பொட்டலம் கைவசம் இல்லாத அவசரத்தில், ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும்.

‘கொடுத்தும் பேதி நிற்கவில்லையே’ என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பேதியை நிறுத்துவது இதன் வேலையே அல்ல. நீரிழப்பு உயிருக்கு ஆபத்தாகாமல் காப்பதுதான் இதன் வேலை. பேதி சில நாளில் தானே அடங்கும். மருத்துவர் சொல்படி 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரை கொடுத்தால் இன்னும் சீக்கிரம் அடங்கும். ‘வாந்தி எடுக்கிறதே’ என்றால், பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு தேக்கரண்டியாக மெதுவாகப் புகட்டுங்கள். ‘குளுக்கோஸ் ஏற்றினால்தான் தெம்பு வரும்’ என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வாயால் குடிக்க முடிகிற குழந்தைக்குப் பெரும்பாலும் ஊசி தேவையில்லை. வயிற்றைக் காயப்போடுவது பழக்கமாக இருக்கலாம், ஆனால் அது குழந்தையை மேலும் நலிவடையச் செய்யும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், கஞ்சியும் இட்லியும் குழைந்த சோறும் கொடுங்கள்.

கண் குழிவிழுந்து போனாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே மறையாவிட்டாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, குழந்தை குடிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். போகும் வழியிலும், குழந்தை விழுங்கும் நிலையில் இருந்தால், கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்லுங்கள். அந்த நேரத்தில் தேடி அலையாமலிருக்க, இந்த வாரமே இரண்டு பொட்டலம் வாங்கி வீட்டில் வையுங்கள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அவர்களுக்கும் ஒன்று கொடுங்கள்.