பாதி விடை

சென்ற மாதம் நம் சங்கத்தில் நடந்த கச்சேரியின் இடைவேளையில் சிறுவன் ஒருவன் நம்மை அணுகி, "மாமா, மிருதங்கத்தின் ஒலி நம்மிடம் வரும்போது அங்கிருக்கும் காற்றும் கூடவே வருகிறதா?" என்று வினவினான். "இல்லை, தம்பி! காற்று தன் இடத்திலேயே முன்னும் பின்னும் அசையும், அலை மட்டுமே நம்மை வந்தடையும்" என்றோம். அவன் மனநிறைவுடன் சென்றான். வீடு திரும்பிய நமக்கோ மனநிறைவில்லை. நாம் கூறியது பிழையன்று. ஆயினும் முழு உண்மையும் அன்று.

அதிரும் உலோகத் தகட்டின்மீது மணலைத் தூவினால், அது அதிர்வற்ற கோடுகளை நாடிச் சென்று அழகிய உருவங்களாக அமையும். ஜெர்மானிய அறிஞர் கிளாட்னி 1787-இல் வெளியிட்ட நூலால் இவ்வுருவங்கள் புகழ்பெற்றன. மிருதங்கத்தைப் பற்றிச் சர் சி. வி. இராமன் 1934-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும் மணல் உருவங்கள் இடம்பெற்றன. ஆனால், மணலுக்குப் பதிலாக மிக நுண்ணிய தூளைத் தூவினால், அது நேர்மாறாக அதிர்வு மிகுந்த இடங்களில் குவிகிறது! மணலுக்கு ஒரு நீதி, தூளுக்கு ஒரு நீதியா?

இப்புதிரை விடுவித்தவர் மைக்கேல் பாரடே. 1831-இல் அவர், காற்று நீக்கிய கலத்தினுள் தகட்டை அதிரச் செய்து பார்த்தார். அங்கே தூளும் மணலைப் போலவே அமைதிக் கோடுகளைச் சென்றடைந்தது. தூளை முன்பு இழுத்துச் சென்றது காற்றே என்பது தெளிவாயிற்று. அதிரும் தகடு காற்றை ஆட்டியதோடு நில்லாமல், அதில் சிறு ஓட்டங்களையும் எழுப்பியிருந்தது. கனத்த மணல் அவ்வோட்டத்துக்கு அசையவில்லை. நுண்தூள் அதன் வழியே சென்றது.

ஒலி எழுப்பும் இத்தகைய ஓட்டங்களுக்கு ராலே பிரபு 1884-இல் கணித விளக்கம் தந்தார். காற்றாயினும் நீராயினும், தன் பிசுபிசுப்பினால் ஒலியின் ஆற்றலில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் சிறு உந்துதல் ஒன்று எஞ்சி நிற்கிறது. வினாடிக்குப் பல இலட்சம் முறை அதிரும், செவிக்கெட்டாத வலிய ஒலியில் அது திரண்டு, திரவத்தை ஒரே திசையில் இடைவிடாது ஓடச் செய்யும்.

இன்று இவ்வோட்டம் மனிதருக்குப் பணி செய்கிறது. மயிரிழை போன்ற நுண்கால்வாய்களில் இரு திரவங்கள் அருகருகே ஓடினும் எளிதில் கலவா. துடுப்பிட்டுக் கலக்க இடமுமில்லை. அங்கே ஒலியே துடுப்பாகிறது. 1990-களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் மார்பகக் கட்டிகளில் இதனைச் சோதித்தனர். கட்டியினுள் நீர் இருப்பின் ஒலியால் அது நகரும். திண்மையான கட்டியாயின் நகர்வதற்கு ஏதுமில்லை. கத்தி படாமலே, கவலையுற்ற ஒரு பெண்ணுக்கு விடை தேடும் முயற்சி அது.

மிருதங்கத்தின் ஒலியோடு மேடைக் காற்று பறந்து வந்து நம்மைத் தொடுவதில்லை என்பது உண்மையே. எனினும், ஒலி காற்றையும் நீரையும் ஓட வைக்கவல்லது என்பதும் உண்மை. அடுத்த கூட்டத்தில் அச்சிறுவனைத் தேடிப் பிடித்து மீதிப் பாதியையும் கூறவிருக்கிறோம். பிள்ளைகளின் வினாவுக்கு அவசரத்தில் பாதி விடை கூறிவிடுவது நம் எல்லோர்க்கும் இயல்பு. மறுநாள் அழைத்து மீதியைக் கூறுவதில் பெரியோர்க்கு இழுக்கில்லை.