இல்லறமும் இளவெயிலும் கடுவெயிலும்

மணவூர்ப் பக்கம் நாற்று நடும் பெண்கள் சேலைமேல் கணவனின் பழைய முழுக்கைச் சட்டையை அணிவர். நல்ல வழக்கம்! அருகே கணவனோ வெற்றுடம்போடு நிற்பான். அவனுக்கும் ஒரு சட்டை வேண்டாமா? நம் கருந்தோலிலுள்ள மெலனின் கதிர்களைப் பெரிதும் தடுப்பதால் நமக்குத் தோல் புற்றுநோய் அரிது. அறவே இல்லையென்று எண்ணலாகாது. நண்பகலில் இருவரும் நிழலை நாடுங்கள்.

சட்டையும் நிழலும் காவாத இடமும் உண்டு. கருநிறத்தவருக்கு மெலனோமா எனும் கொடிய வகை, வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலுமே பெரிதும் தோன்றும். ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரலில் அது கண்டறியப்பட்டது. 1981-இல், 36 வயதில் மறைந்தார்.

தன் உள்ளங்காலைத் தானே காண்பது கடினம். பெரிய வியாழனன்று குருவானவர் செய்வதை, மாதமொருமுறை இல்லத்தில் ஒருவருக்கொருவர் செய்யுங்கள்: பாதம் கழுவி உற்றுப் பாருங்கள். ஆறாத புண்ணோ பரவும் கருந்திட்டோ கண்டால் இருவருமாக மருத்துவரிடம் செல்லுங்கள்.