நகரத்துக்கு எல்லை வகுத்த ஆளுநர்

அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் 1967 முதல் 1975 வரை ஆளுநராக இருந்த டாம் மெக்கால், பத்திரிகைத் துறையிலிருந்து அரசியலுக்கு வந்தவர். வில்லாமெட் ஆறு கழிவால் நாறியதை 1962இல் தொலைக்காட்சிப் படமாகவே காட்டியவர்; ஆட்சிக்கு வந்ததும் அந்த ஆற்றைச் சுத்தப்படுத்துவதில் முனைந்தார். கடற்கரை மணல் எல்லோருக்கும் பொது என்ற சட்டம் 1967இல் வந்தது. காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் காசு என்ற சட்டம் 1971இல்.

இவற்றையெல்லாம்விடப் பெரிது 1973இல் வந்த நிலப் பயன்பாட்டுச் சட்டம் என்பேன். அதை வடித்தவர்களில் முதன்மையானவர் ஹெக்டர் மெக்ஃபர்சன் என்ற பால்பண்ணை விவசாயி, மாநில செனட்டரும்கூட. ஒவ்வொரு நகரமும் தன் வளர்ச்சிக்கு எல்லை வகுக்க வேண்டும். அதைத் தாண்டி விளைநிலத்தையும் காட்டையும் நினைத்தபடி மனை போட்டு விற்க முடியாது. சொந்த நிலத்தை விற்கக்கூடத் தடையா என்று உடைமையாளர்கள் கொதித்தார்கள். அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் கான்கிரீட் மூடிய வயலை யார் மீட்டுத் தருவார்?

1982இல் சட்டத்தை நீக்க வாக்கெடுப்பு வந்தபோது, புற்றுநோய் முற்றிய உடம்போடு மெக்கால் அதை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். மக்கள் சட்டத்தைக் காப்பாற்றினார்கள். சில வாரங்களில், 1983 ஜனவரியில், அவர் காலமானார்.